பிள்ளையைக் குற்றவியல் படிக்க வைப்பது எப்படி? பீடோர் குடும்பங்களுக்கு ஏழு படிகள்

எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு, "நான் குற்றவியல் நீதி படிக்கப் போறேன்" என்று உங்கள் பிள்ளை சொல்லிவிட்டதா? பதற வேண்டாம். நம் ஊரில் ஏற்கெனவே பலர் கையாண்டு தேறிய வழிமுறைகள் இருக்கின்றன. வரிசை பிசகாமல் பின்பற்றினால், பட்டம் வருகிறதோ இல்லையோ, கடன் வந்துவிடும்.

1. குடும்ப மாநாட்டைக் கூட்டுங்கள்

பிள்ளையைத் தவிர எல்லாரையும் அழையுங்கள். தே தாரே ஆறுவதற்குள் உறவுக்காரர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். பெரியப்பா வக்கீல் கட்சி, மாமா போலீஸ் கட்சி, ராத்திரி சீரியல் பார்க்கும் சித்தி தடயவியல் கட்சி. மூன்றும் வெவ்வேறு பாதை என்பதை மட்டும் யாரும் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது.

வக்கீல் ஆவதற்குச் சட்டப் பட்டம் வேண்டும். வெளிநாட்டுச் சட்டப் பட்டம் என்றால் அதன் மேல் சி.எல்.பி. தேர்வு. எந்தப் பட்டமானாலும் பிறகு ஒன்பது மாதம் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி. தடயவியல் என்றால் கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகம், கிளந்தான் குபாங் கெரியானில் அறிவியல் பல்கலைக்கழகம். கெமிஸ்ட்ரி கசந்தால் இரண்டும் கசக்கும். போலீஸில் கான்ஸ்டபிளாகச் சேர எஸ்.பி.எம். போதும்; ஏ.எஸ்.பி.யாகச் சேரத்தான் பட்டம் தேவை. குற்றவியல் இந்த மூன்றிலும் சேராத நாலாவது பாதை. குற்றம் ஏன் நடக்கிறது, போலீஸும் நீதிமன்றமும் சிறையும் எப்படி இயங்குகின்றன, வெளியே வந்தவன் ஏன் திரும்ப உள்ளே போகிறான் என்று கேட்கும் படிப்பு. இதைப் பிள்ளை விளக்க வாயெடுத்தால், "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று அடக்கிவிடுங்கள்.

2. துண்டுப் பிரசுரத்தைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்

ஈப்போவில் நடக்கும் கல்விக் கண்காட்சிக்குப் போங்கள். கைவிலங்கு, கைரேகை, பூதக்கண்ணாடி மூன்றும் அட்டையில் இருக்கும் கல்லூரியே சிறந்தது. "அங்கிள், இந்தக் கோர்ஸ் இப்போ ரொம்ப ஹாட். இன்னிக்கே ரிஜிஸ்டர் பண்ணா லேப்டாப் ஃப்ரீ" என்று மேசைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். லேப்டாப் எந்த பிராண்ட் என்று கேளுங்கள். எம்.கியூ.ஏ. எனும் தகுதி முகமையின் அங்கீகாரம் உண்டா என்று கேட்டு மேசைக்குப் பின்னால் இருப்பவரின் மனத்தைப் புண்படுத்தாதீர்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் கிடையாது, அரசாங்க வேலைக்கும் அந்தச் சான்றிதழ் செல்லாது. இதெல்லாம் முன்பணம் கட்டிய பிறகு தெரிந்துகொண்டால் போதும்.

மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத் துறையில் குற்றவியல் நீதி முதுகலைப் படிப்பாக இருக்கிறது. ஆகவே முதலில் சட்டமோ உளவியலோ சமூகவியலோ முடித்துவிட்டு அங்கே போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் உங்கள் லேப்டாப்பைக் கெடுக்க வந்தவர்.

3. ஆறாம் படிவத்தை இளக்காரமாகப் பேசுங்கள்

எஸ்.டி.பி.எம். மூன்று பருவம், அரசுப் பள்ளி, செலவு சொற்பம். பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. தனியார் கல்லூரியில் ஃபவுண்டேஷன் என்றால் கட்டணமே பெருமை பேசும். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. வழியாக மனுப்போடும் கடைசித் தேதியை, அது முடிந்த மறுநாள் விசாரியுங்கள்.

4. கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடுங்கள்

முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். பிள்ளைக்கு இது தெரிந்தால் ஒழுங்காகப் படித்துத் தொலைக்கும். மறைத்துவிடுங்கள்.

5. தாப்பா பக்கம் போகவே விடாதீர்கள்

நீதிமன்றம் பக்கத்து ஊரான தாப்பாவில் இருக்கிறது. சிறுவர் வழக்குகள் தவிர மற்ற விசாரணைகளைப் பொதுவாக யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். நுழைவுச் சீட்டு இல்லை. ஒரு காலைப் பொழுது அங்கே இருந்தால் போதும். மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டை வாசித்து முடிப்பதற்குள் "ஆமா, ஆமா" என்று தலையாட்டும் இளைஞன், கடைசி வரிசையில் பேங்க் புத்தகத்தோடு ஜாமீன்தாரைத் தேடிக்கொண்டிருக்கும் அம்மா, கோப்பைப் புரட்டி அடுத்த தேதியைச் சொல்லும் மாஜிஸ்திரேட் என்று அத்தனையும் கண்ணில் படும். ஒரு பருவத்துப் பாடம் இலவசமாகக் கிடைத்துவிடும். கல்லூரிக்குப் பணம் கட்டியவர்களுக்கு இது பெரிய நஷ்டம். வீட்டிலேயே அமெரிக்க சீரியல் பார்க்கட்டும். அங்கே 45 நிமிடத்தில் கொலைகாரன் பிடிபடுவான்.

ஆய்வுத் தலைப்பும் தூரதேசமாகவே இருக்கட்டும். சிகாகோ தொடர் கொலைகாரன் நல்ல தலைப்பு. கித்தாக் காடு செம்பனையாகி, லயத்து வீடுகள் காலியாகி, பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களின் பையன்கள் எப்படிக் குண்டர் கும்பலில் சேர்ந்தார்கள் என்பது நல்ல தலைப்பல்ல. சொந்தக்காரர் பெயர் வந்துவிடும். 2024 பிப்ரவரி 1 இரவு பீடோர் குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பி ஓடினார்கள். பெரும்பாலோர் ரொஹிங்யாக்கள். ஒருவர் நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்தார். அவர்கள் ஏன் ஓடினார்கள் என்று நம் பிள்ளை எழுதினால் யார் வாசிக்கப் போகிறார்கள்?

6. சட்டம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு. குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அது 14 நாள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவின்படி, 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றமானால் தடுப்புக் காவல் அதிகபட்சம் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமானால் ஏழும் ஏழும். உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்லும் உரிமை 28ஏ பிரிவில் இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லாத குடிமக்களுக்காக 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இயங்குகிறது. இவ்வளவும் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், லோக்கப்பிலிருந்து நடுராத்திரி போன் வரும்போது அக்கம்பக்கம் முழுக்க உங்கள் வாசலில்தான் நிற்கும்.

லோக்கப்பிலிருந்து திரும்பாதவர்களும் உண்டு. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் 22 வயது ஆ. குகன் காவலில் இறந்தார். 2013இல் உயர்நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு 8 லட்சத்து 1,700 வெள்ளி இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. போலீஸ் நடத்தையை விசாரிக்கும் சுயேச்சை ஆணையம் 2023 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பத்திக்கு மட்டும் கேலி எழுத வரவில்லை.

7. "என்ன வேலை கிடைக்கும்?" என்று தினமும் கேளுங்கள்

பதில் வந்தாலும் கேட்டுக்கொண்டே இருங்கள். சிறைச்சாலை இலாகாவில் பரோல் அதிகாரி, சமூகநல இலாகாவில் சிறுவர் வழக்குகளுக்கு அறிக்கை எழுதும் நன்னடத்தை அதிகாரி, போதைப்பொருள் தடுப்பு நிறுவனம், சுங்கம், குடிநுழைவு, ஊழல் தடுப்பு ஆணையம், வங்கிகளின் மோசடி விசாரணைப் பிரிவு என்று பிள்ளை பட்டியல் போடும். "அதெல்லாம் சரி, போலீஸா, லாயரா?" என்று முடித்துவிடுங்கள்.

ஏழு படியையும் தாண்டி உங்கள் பிள்ளை அதே பிடிவாதத்தோடு நின்றால், இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடுங்கள். எம்.கியூ.ஏ. பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்தால் விடாதீர்கள். விடுமுறையில் ஒரு நாள் தாப்பா நீதிமன்றத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள். கைதாகிறவர்களிலும் காவலில் இறக்கிறவர்களிலும் நம் பெயர்கள் இருக்கின்றன. அறிக்கை எழுதும் அதிகாரிகளிலும் அவை இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், அந்தப் பிள்ளையைப் படிக்க விடுங்கள்.