சத்தத்தில் ஒரு பட்டம்

"பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்கும் சொந்தக்காரரிடம் "சவுண்ட் டிசைன்" என்று சொல்லிப் பாருங்கள். "அப்போ நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு மைக் செட் செலவு மிச்சம்!" என்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இசைத் தொழில்நுட்பம் படிக்கப் போனவனே முதலில் எதிர்கொள்வது இசையை அல்ல, ஃபூரியே கணக்கை. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பதிய, நொடிக்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஒலி மாதிரிகள் எடுக்க வேண்டும். அதனால்தான் சிடியில் நொடிக்கு 44,100. இத்தனையையும் உருப்போட்டுவிட்டு, படத்துக்கான சத்தங்களைக் கையாலேயே உண்டாக்கிப் பதியும் ஃபோலி அறைக்குள் நுழைந்தால், கையில் தருவது ஒரு செலரித் தண்டு. "முறி" என்பார்கள். நாயகன் வில்லனின் கையை உடைக்கும்போது தியேட்டரில் நாம் கேட்பது அந்தக் காய்கறியைத்தான். குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை. பனியில் நடக்கச் சோளமாவு மூட்டை. கல்விக் கடனில் பாதி மளிகைக் கடைக்கே போய்விடும் போலிருக்கிறது.

1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் லேசர் துப்பாக்கிச் சத்தம், ரேடியோ கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் தட்டியதில் பிறந்தது. தட்டிய சவுண்ட் டிசைனர் பென் பர்ட் இளங்கலையில் படித்தது இயற்பியல். (சேர்க்கை நடக்கும் மாதத்தில் இதை வெளியே சொல்ல வேண்டாம்.)

சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை: மண்டபத்தில் மைக் 'கீ' என்று அலறினால் பட்டதாரியைத் தேடாதீர்கள். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னாலிருந்து நகர்த்தி வையுங்கள்.