தூங்கா நகரில் துயில்: ஒரு சித்திரை வார ஆய்வு

மதுரையைத் தூங்கா நகரம் என்பர். ஏன் என்று கேட்டால் இராக்கடைகளைக் காட்டுவர். நடுநிசியிலும் ஆவி பறக்க இட்லி கிடைக்கிறதாம், ஆகவே ஊர் தூங்கவில்லையாம். இது பொருந்தாது. நடுநிசியில் நாலு இட்லி தின்றவன் அடுத்து செய்யக்கூடிய ஒரே காரியம் தூங்குவதுதான்.

நூற்சான்றும் அவர்களுக்கு எதிராகவே நிற்கிறது. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் அல்லங்காடி என்னும் இரவுக் கடைத்தெருவின் இரைச்சலை விரித்துச் சொல்லிவிட்டு, நடுயாமத்தில் ஊரை அலையடங்கிய கடல்போலத் தூங்க வைத்துவிடுகிறார். திருடரும் அவரைத் தேடும் காவலருமே விழித்திருக்கின்றனர். ஆக, சங்க காலத்தில் மதுரை தூங்கியிருக்கிறது. விழித்தது எப்போது?

திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தில் என்பது இக்கட்டுரையாளர் துணிபு. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றியவர் அவர். தேனூர்ப் பக்கம் வைகையாற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகர்கோயில் பெருமாளான அழகரையும் மதுரைக்கு வரவழைத்து, இரண்டு விழாவையும் ஒன்றாக்கினார். சைவமும் வைணவமும் கைகோத்தன என்று வரலாற்றாசிரியர்கள் பாராட்டுவர். அதன் வீட்டுப் பக்க விளைவை யாரும் ஆராயவில்லை. தனித்தனியாக வந்து போயிருக்க வேண்டிய சொந்தபந்தம் மொத்தமாக வந்து ஏழு நாள் தங்கலாயிற்று. (மாதம் மாறியதை வீதிகளுக்கு யாரும் சொல்லவில்லை போலும். சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது.)

எனவே நம் கருதுகோள்: மதுரை தூங்காமைக்குக் காரணம், படுக்க இடமில்லாமை.

ஆய்வுக்களம், கீழமாசி வீதிக்குப் பின்சந்தில் உள்ள எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு பட்டாசாலை, மொட்டைமாடி. பாய் 9, தலையணை 7, கழிப்பறை 1. மீனாட்சி பட்டாபிஷேகத்தன்று மாலை ஆள் கணக்கு 6. மறுநாள் அம்மன் திக்விஜயம் புறப்பட்டு எட்டுத் திக்கையும் வெல்வதற்குள் 13. திருக்கல்யாணத்துக்கு முந்தைய இரவு 19. அதற்குமேல் எண்ணுவது மரியாதை ஆகாது என்று அம்மா தடுத்துவிட்டார்.

இவ்வாரத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒன்றுகூடத் தூங்குகிறவனை மனத்தில் வைத்துப் போட்டதாகத் தெரியவில்லை. திருக்கல்யாணம் காலையில். இடம்பிடிக்கப் பெரியம்மா விடியுமுன்பே கிளம்புவார். கிளம்புமுன் பட்டாசாலையில் எல்லார் காலையும் மிதித்துத் தம் செருப்பைத் தேடுவார். தாலி கட்டிய சேதி வந்ததும் வீட்டுப் பெண்கள் வரிசையாகப் புதுக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். சாமி கல்யாணத்துக்கும் மொய் உண்டு. மொய் எழுதாமல் திரும்பினால் ஊர் என்ன சொல்லும் என்று மாமா கேட்டார். மீனாட்சி நம் வீட்டு விசேஷத்துக்கு எழுதியிருக்கிறாளா என்று அத்தை திருப்பிக் கேட்டதும், மாமா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் எழுதிவிட்டு வந்ததும் குறிப்பேட்டில் உள்ளன.

மறுநாள் விடியலில் தேர். தேர் பார்த்த கையோடு மூன்றுமாவடிக்கு, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு. அன்று இரவு படுத்தால் அவர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முடியாது என்பதால் எவரும் படுப்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் ஜிகர்தண்டா, பருத்திப்பால், பந்தலுக்குப் பந்தல் நீர்மோர், பழைய பள்ளித் தோழன், அவன் மச்சினன், மச்சினன் வீட்டுச் சாப்பாடு.

இனி அழகரைப் பற்றி. இவ்வாரத்தின் முன்மாதிரி அவரே. கோயில் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பிடம் விடைபெற்றுக் கிளம்புகிறவர், 20 கிலோமீட்டர்ச் சாலையை ஓர் இரவு, ஒரு பகல், மறுபடி ஓர் இரவு என்று நடக்கிறார். காரணம் மண்டகப்படி. வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டபம், எதையும் தாண்டிப் போக முடியாது. இங்கு நின்றுவிட்டு அங்கு நிற்காவிட்டால் வருத்தப்படுவார்கள். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்தவர் நேரம் தப்பி, முடிந்துவிட்டது என்று கேட்டு, ஊருக்குள் வராமலே கோபித்துக்கொண்டு திரும்பினார் என்பது மக்கள் கதை. மண்டூக முனிவரின் சாபம் தீர்க்கவே வருகிறார் என்பது கோயில் கதை. ஒரே வாரத்தில் பதினோரு வீட்டில் காபி குடித்தவன் என்ற முறையில் நான் மக்கள் கதையையே ஏற்கிறேன்.

ஆற்றில் இறங்கும் அதிகாலையில் இக்கட்டுரையாளரும் அங்கு இருந்தார். வைகையில் தண்ணீர் இருந்தது, இதற்கென்றே அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிய பெண்கள் ஒருபுறம், தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் ஆட்கள் ஒருபுறம். அழகர் உடுத்திய பட்டு பச்சையா சிவப்பா என்று பின்னால் சண்டை. பச்சை என்றால் விளைச்சல் உறுதியாம். அந்த நெருக்கடியில் மாமா நின்றபடியே தூங்கினார். சாய இடம் வேண்டியதில்லை, நாலு பக்கமும் ஆள். வாரம் முழுவதிலும் பதிவான ஒரே முழுமையான உறக்கம் அதுதான். இதனால் நம் கருதுகோளில் சிறு திருத்தம் தேவைப்படுகிறது: படுக்கத்தான் இடமில்லை, தூங்க இருக்கிறது.

இராமராயர் மண்டபத்தில் அழகர் எடுக்கும் தசாவதாரமும் விடிய விடிய நடப்பது. அங்கு நான் மச்ச அவதாரத்துக்கும் மோகினிக்கும் சாட்சி. நடுவில் வந்தவற்றுக்குச் சாட்சி இல்லை.

அழகரின் பூப்பல்லக்கு முடிந்ததும் விருந்தினர் பிரியாவிடை. தெருமுனை ஆட்டோவில் பெட்டிகள் ஏறின. அத்தை மட்டும் திரும்பி வந்து, அம்மாவிடம் தாழ்ந்த குரலில், “மதினி, ஆடிப் பௌர்ணமிக்கு அழகர்கோயில்ல தேராம்ல?” என்றார்.

அம்மா, மடித்த பாய்களைப் பரணில் ஏற்ற வேண்டாம், கீழேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.