கை நீளுது மாப்ளே!

வாரும் மாப்ளே, திண்ணையில உக்காரும். மேலத்தெரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு. என் கண்ணாடி எங்க கெடக்குன்னு தெரியல, நீரு வாசியும். என்னது, 26-ம் தேதியா? சரி, அப்படியே இருக்கட்டும்.

பத்திரிகையை ஏன் மாப்ளே அம்புட்டு தூரத்துல பிடிச்சிருக்கீரு? கடிக்கவா போகுது? முன்னெல்லாம் முழங்கையை மடக்கி வாசிப்பீரு. போன வருசம் கை பாதி நீண்டுச்சு. இப்ப முழுசா நீண்டு, தலையும் பின்னால போகுது. அடுத்த வருசம் நான் எதிர்த்திண்ணையில நின்னு பிடிச்சுக்கிடுதேன், நீரு இங்கன இருந்தே வாசியும்.

எழுத்தைப் பொடிசா அடிச்சுட்டான்கீரு. உமக்கு 43 வயசு ஆனதும் சிவகாசிக்காரன் பூராம் கூடிப் பேசி எழுத்தைச் சின்னதாக்கிட்டான் பாரும்! போன வாரம் பல்பு மங்கல்னீரு. முந்தாநாள் மாத்திரை அட்டையில மை பத்தலைன்னீரு. உம்ம கண்ணைத் தவிர ஊர்ல மத்த எல்லாத்துலயும் கோளாறு.

இதுக்குப் பேரு வெள்ளெழுத்து. எங்க அய்யா காலத்துல சாளேசரம்பாக. இது வியாதி இல்ல மாப்ளே, வயசு. கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு. இளசா இருக்கையில நுங்கு மாதிரி நெகிழ்ந்து குடுக்கும். கிட்டத்துல பாக்கணும்னா தானா உப்பிக்கிடும். 40 தாண்டினா அது கடுக்காய் நுங்கு. உப்பவும் செய்யாது, வளையவும் செய்யாது. பிளஸ் பவர் கண்ணாடி ஒண்ணு போட்டா சோலி முடிஞ்சது. வயசு ஏற ஏற பவரும் 1, 1.5, 2ன்னு ஏறி, 60 வாக்குல 2.5, 3ல நின்னுக்கிடும்.

கண்ணாடி போட்டா கண்ணு அதுக்கு அடிமையாயிரும்னு கீழவீட்டு அண்ணாச்சி சொன்னாராக்கும்? அவரு எம்.ஏ. படிச்சவரு. கண்ணாடி இல்லாம கையெழுத்துப் போடுற இடம் தெரியாம, ரேசன் கடையில கைநாட்டு வைக்காரு. நீரு போட்டாலும் போடாட்டாலும் உள்ள இருக்க நுங்கு தன் பாட்டுக்கு முத்தத்தான் செய்யும்.

உம்மை மட்டும் சொல்லுவானேன்? எனக்குப் புரை விழுந்தப்ப ரெண்டு வருசம் மூச்சு விடல. ஒருநாள் மசங்கல்ல, வேப்பமரத்துல சாய்ச்சிருந்த சாக்கு மூட்டையைச் சம்பந்தின்னு நினைச்சுக் கும்பிட்டு, "சாப்டீகளா?"ன்னு கேட்டேன். பதிலே வரல. என்ன ஒரு திமிருன்னு ஆறு மாசம் சம்பந்தி வீட்டு வாசப்படி மிதிக்கல மாப்ளே! சம்பந்தி என்ன தப்பு செஞ்சோம்னு தெரியாம, வெத்தலை பாக்கோட வந்து மன்னிப்பு கேட்டுட்டுப் போனாரு.

அந்த லென்ஸே வெளுத்துப் போறதுதான் புரை. ஒருத்தன் தாய்ப்பால் விடச் சொன்னான், ஒருத்தன் தேனு, ஒருத்தன் ஏதோ பச்சிலைச் சாறு. கண்ணு என்ன குழம்புச் சட்டியா, கண்டதையும் ஊத்த? எந்தச் சொட்டு மருந்துக்கும் புரை கரையாது. ஆபரேசன்தான். எங்க தாத்தா காலத்துல லென்ஸை எடுத்துட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி குடுத்து அனுப்புவாங்க. அது உடைஞ்சா மனுசன் மறுபடியும் தடவிக்கிட்டுத் திரிய வேண்டியதுதான். இப்ப உள்ளயே புது லென்ஸ் வச்சிருதாங்க. 1949-ல லண்டன்ல ஹரோல்ட் ரிட்லின்னு ஒரு டாக்டரு ஆரம்பிச்சு வச்சது. சண்டையில விமானக் கண்ணாடித் தூள் கண்ணுல ஏறுன பைலட்டுகளுக்கு, அந்தப் பிளாஸ்டிக் உள்ளயே கெடந்தும் உறுத்தலன்னு கண்டு, அதுலயே லென்ஸ் செஞ்சு வச்சாரு.

நம்ம எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துல பிறந்தவரு டாக்டர் வெங்கடசாமி. கீல்வாதத்துல விரலெல்லாம் கோணிப்போச்சு. அந்த விரலுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி, லட்சம் கண்ணுக்கு மேல ஆபரேசன் பண்ணுனாரு. சர்க்கார் வேலையில ரிட்டயர் ஆகி, 1976-ல மதுரையில 11 கட்டிலோட அரவிந்த் ஆஸ்பத்திரியத் தொடங்குனாரு. சீமையில இருந்து வந்த லென்ஸ் ஏழை பாழைக்கு எட்டலைன்னு, 1992-ல இருந்து மதுரையிலயே ஆரோலேப்ல செய்ய ஆரம்பிச்சாங்க. உமக்குப் பத்து விரலும் நேரா இருந்து, பத்திரிகையைத் தள்ளிப் பிடிக்கத்தான் ஆவுது.

எனக்கும் புரை ஆபரேசன் முடிஞ்சு கட்டுப் பிரிச்ச அன்னைக்கு உங்க அத்தை மூஞ்சியைப் பாத்து, "நீ யாரு தாயி?"ன்னுட்டேன். நர்சம்மா நடுவுல நின்னதுனால தப்பிச்சேன்.

அதென்ன, நம்ம பேத்தி பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதுதான்னு வாத்தியாரு சொன்னதுக்கு அடிச்சீராமே? கரும்பலகை தெரியலைன்னா பக்கத்து நோட்டைத்தான பாக்கும்? அது கிட்டப்பார்வை. கண்ணு முழி நீளம் 24 மில்லிமீட்டர் சுத்துல இருக்கணும்; ஒரு மில்லிமீட்டர் கூடினாலே மைனஸ் 2.5, 3ன்னு பவர் வந்துரும். கண்ணாடி போட்டா எவன் கட்டுவான்னு 9 வயசுப் பிள்ளைக்கு இப்பவே கவலையா? மைனஸ் கண்ணாடி வாங்கிக் குடும். சின்னவனையும் போனைப் பிடுங்கி வச்சுட்டு ரெண்டு மணி நேரம் வெளியில விளையாட விடும். பகல் வெளிச்சத்துல ஆடுற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வாறது குறைச்சல். அவன் ஒரு கண்ணு ஒதுங்கிப் பாக்கான், கவனிச்சீரா? மாறுகண்ணு அதிர்ஷ்டம்னு கொஞ்சிக்கிட்டே இருந்தீரு. அந்தக் கண்ணு சோம்பேறியாயிட்டா, 7, 8 வயசுக்குள்ள வழிக்குக் கொண்டாரணும். அதுக்கப்புறம் ரொம்பக் கஷ்டம்.

பஸ் ஸ்டாண்டுல ரெடிமேட் கண்ணாடி வாங்கிக்கிடுதேன்னு நழுவாதேயும். அது எழுத்தைக் காட்டும். கண் அழுத்தத்தைக் காட்டாது. அழுத்தம் வலிக்காம ஓரப்பார்வையைத் தின்னுக்கிட்டே வரும், தின்னது திரும்பாது. உமக்குச் சர்க்கரை வேற. வருசம் ஒருக்கா சொட்டு விட்டு விழித்திரையைப் பாக்கணும்.

பத்திரிகையை இப்படிக் குடும். கண்ணாடியா? மடியிலதான் இருக்கு. தூரத்துக்கு உள்ள வச்ச லென்ஸ் போதும், எழுத்துக்கு இது வேணும். கல்யாணம் 28-ம் தேதி மாப்ளே.