படிக்கத்தான் கேக்குறான்

விளையாடுவதற்காக என்று உண்மையைச் சொல்லிக் கையடக்கக் கணினி வாங்கியவர் எங்கள் ஆலங்குடி வட்டத்தில் இதுவரை யாரும் கிடையாது. படிப்புக்கு, கணக்கு வழக்குக்கு, பரீட்சை ரிசல்ட் பார்க்க, ஆத்திர அவசரத்துக்கு என்றுதான் வாங்குவார்கள். ஏதோ நம்மூர்ப் பிள்ளைகள் மட்டும் செய்யும் கள்ளத்தனம் இது என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பான்காரனும் அமெரிக்காக்காரனும் பெங்களூர்ப் பேராசிரியர்களும் கூடி வளர்த்த மரபு.

ஜப்பானில் புல்லட் ரயிலில் ஒரு ஆபீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். கையில் கால்குலேட்டர். கம்பெனி கணக்குப் போடுகிறார் என்று பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் சும்மா பொழுது போகாமல் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். அதைக் கவனித்தவர் நிண்டெண்டோ கம்பெனியின் குன்பெய் யோகோய். பெரிய மனுஷன் ஒருவன், பார்க்க வேலை செய்வதுபோல் இருந்துகொண்டே விளையாட ஒரு பெட்டி வேண்டும் என்று அவருக்கு அங்கேயே உதித்தது. 1980ல் கேம் அண்ட் வாட்ச் பிறந்தது. ஆட்டத்தோடு கடிகாரமும் உண்டு. எதற்கு என்று வீட்டில் கேட்டால், மணி பார்க்க!

அமெரிக்காவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். பாம் பைலட் என்ற கைக்கணினியைச் செய்வதற்கு முன்னால், சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டிக்கொண்டார். எழுதுகோலுக்கு சாப்ஸ்டிக் குச்சி. யாராவது அடுத்த வாரம் சந்திக்கலாமா என்று கேட்டால் கட்டையை எடுத்துக் குச்சியால் தட்டித் தேதி பார்ப்பதுபோல் பாவனை செய்வார். இதையே ஒருவர் எங்கள் பஸ் ஸ்டாண்டில் செய்திருந்தால், சாயங்காலத்துக்குள் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருப்பார்கள். அங்கே அதைக் கம்பெனி ஆக்கினார்கள். 1996ல் நிஜ பைலட் வந்தது. என்னைக் கேட்டால் அந்தக் கட்டைதான் இதுவரை வந்ததிலேயே சிறந்த மாடல். ஹேங் ஆகாது, சார்ஜும் கேட்காது.

சார்ஜ் என்றதும் 1989க்குப் போக வேண்டும். யோகோய் குழுவின் கேம் பாய் அந்த வருஷம் வந்தது. பாசி பிடித்த பச்சையில் ஒரு திரை, வெளிச்சம் கிடையாது, கலர் கிடையாது. அடுத்த வருஷமே சேகா கம்பெனி கலரும் விளக்குமாக கேம் கியர் என்று ஒன்றை இறக்கியது. கேம் பாய்க்கு நாலு பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கேம் கியர் ஆறு பேட்டரியைத் தின்றுவிட்டு நாலைந்து மணி நேரத்தில் கண்ணை மூடிவிடும். பாசிப் பச்சையே ஜெயித்தது. அடுத்து வந்த கேம் பாய் கலரையும் சேர்த்தால் விற்பனை 11 கோடியைத் தாண்டியது. கேம் கியர் ஒரு கோடிச் சொச்சத்தோடு நின்றது. மின்வாரியத்தோடு வாழ்ந்து பழகியவர்கள் இந்த முடிவை முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

இந்த இரண்டில் எதுவும் ஆலங்குடிப் பக்கம் தலை காட்டியதாக நினைவில்லை. எங்களுக்கு வந்தது பிரிக் கேம். சிங்கப்பூர் சபராளிகளின் பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் பூப்போட்ட துண்டுக்கும் நடுவே அது வந்து இறங்கியது. மேலே 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். உள்ளே உருப்படியாகப் பத்து இருக்கும். மீதியெல்லாம் அதே ஆட்டம், வேகம் மட்டும் வேறு. ரஷ்யாவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984ல் உருவாக்கிய டெட்ரிஸை, அந்தப் பெயரையே கேள்விப்படாமல், நாங்கள் கட்டம் கட்டமாக அடுக்கித் தீர்த்தோம். வீட்டுக்குச் சொன்ன காரணம், மூளை வளரும்.

பிறகு இந்தியா தானே களத்தில் இறங்கியது. 2001ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வினய் ஆகியோரும் என்கோர் சாஃப்ட்வேர் ஆட்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும், லினக்ஸில் ஓடும். எழுத்துத் தெரியாத கிராமத்து ஆளுக்குத் திரையில் இருப்பதை அவர் மொழியிலேயே வாசித்துக் காட்டும். ஐபோன் வருவதற்கு ஆறு வருஷம் முன்னால் இது. நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் பாராட்டு.

அதிலிருந்த அருமையான யோசனை ஸ்மார்ட் கார்டு. ஒரு ஊருக்கு ஒரு பெட்டி போதும். யார் தன் கார்டைச் செருகுகிறாரோ அவருடைய விவரம் வரும், அடுத்தவர் செருகினால் அவருடையது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊர்ப் பொதுப் பாத்திரங்கள் கடைசியில் யார் வீட்டு அடுப்படியில் இருக்கின்றன என்பதைப் பேராசிரியர்கள் விசாரித்திருக்கலாம். தலைவர் வீட்டுக்குள் போன பெட்டி அடுத்த தேர்தலுக்கு முன் வெளியே வந்திருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அவர்கள் 2001ல் கருவி செய்தார்கள். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991லேயே அறிவொளி இயக்கம் வந்துவிட்டது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட, கல்லுடைக்கப் போன பெண்களும் வயல் வேலைக்குப் போன பெண்களும் அ, ஆவன்னாவைக் கற்றுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். பெங்களூர்ப் பெட்டி பேச ஆரம்பித்தபோது அவர்கள் பஸ்ஸின் போர்டைத் தாங்களே படித்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

2004ல் ராடார் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதை அமிடா என்ற பெயரில் தயாரித்துக் கடைக்கு அனுப்பியது. விலை பத்தாயிரத்தை ஒட்டித் தொடங்கி, கலர் திரை என்றால் இருபதாயிரம் வரை. ஏழைக்கென்று பிறந்த பிள்ளை பணக்கார வீட்டு விலையில் வந்து நின்றது. இதில் வயிற்றெரிச்சலான சங்கதி ஒன்று உண்டு. அமிடாவுக்குள் அசைவை உணரும் சில்லு இருந்தது. கையை ஒரு வெட்டு வெட்டினால் பக்கம் புரளும். உலகத்தில் வேறு எவன் கையிலும் அப்போது கிட்டத்தட்ட இல்லாத வித்தை. ஒரு கோலிக்குண்டைத் திரையில் உருட்டிக் காட்டி அதையே விளம்பரமாக்கியிருந்தால், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உண்ணாவிரதம் இருந்தாவது வாங்கியிருப்பார்கள். அவர்களோ நிலப் பதிவேடு, நுண்கடன், நிர்வாகம் என்று பேசினார்கள். விற்பனை சில ஆயிரங்களோடு அடங்கிப் போனது. வீட்டுக்குச் சொல்ல வேண்டிய காரணத்தையே நிஜமென்று நம்பி விற்றால் இப்படித்தான் ஆகும்.

நோக்கியா எதிர்ப்பக்கமாக விழுந்தது. 2003ல் என்-கேஜ். விளையாட்டுதான், அதோடு போனும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆட்டத்தை மாற்ற வேண்டுமானால் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை உருவி, கார்டை மாற்ற வேண்டும். பேச வேண்டுமானால் பக்கவாட்டு விளிம்பைக் காதில் சொருகவேண்டும். பார்ப்பவர்களுக்குப் பூரியைக் காதில் வைத்ததுபோல் இருக்கும். அதே வருஷம் அதே கம்பெனி 1100 என்று ஒரு போனை விட்டது. தலையில் டார்ச், உள்ளே பாம்பு ஆட்டம். உலகம் முழுக்க 25 கோடி விற்றது. வரப்பில் நிஜப் பாம்பைப் பார்க்க டார்ச், வரப்பில் உட்கார்ந்து பொய்ப் பாம்பை வளர்க்க பட்டன். அன்றாட உபயோகமும் விளையாட்டும் இவ்வளவு கச்சிதமாக ஒரே பெட்டியில் பொருந்தியது அதற்குப் பிறகு இல்லை.

2011ல் அரசாங்கங்கள் போட்டிக்கு வந்தன. செப்டம்பரில் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினி, மூடியில் அம்மா படம். அக்டோபரில் டெல்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் என்ற ஏழு அங்குலப் பலகையை வெளியிட்டார். அரசாங்கத்துக்கு அடக்கம் இரண்டாயிரத்துச் சொச்சம். 366 மெகாஹெர்ட்ஸ் வேகம், 256 எம்பி நினைவகம். திரையைத் தொட்டால் கேட்காது, அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டு டீ குடித்து வரலாம். அதை இத்தோடு விட்டுவிடுவோம்.

மடிக்கணினி கதை வேறு. பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்த அன்றைக்கே ஒரு பென்டிரைவ் ஊரைச் சுற்றும். விடிவதற்குள் தெருத்தெருவாக வைஸ் சிட்டி ஆட்டம். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போல்டர் எங்கே இருக்கிறது, டிரைவர் ஏன் வேலை செய்யவில்லை, இடம் போதாவிட்டால் எதை அழிப்பது என்று அந்தத் திருட்டுப் பிரதியை ஓடவைத்தே கற்றுக்கொண்ட பிள்ளைகள் இன்று சென்னையில் நல்ல சம்பளம் வாங்குகிறார்கள். மைக்ரோசாஃப்டே 1990ல் விண்டோஸோடு சீட்டாட்டத்தைச் சேர்த்தபோது, ஜனங்களுக்கு மவுஸ் இழுக்கப் பழக்குவதற்காக என்றுதானே காரணம் சொன்னது? அதன் பிறகு உலகத்து ஆபீஸ்களெல்லாம் விடாமல் மவுஸ் பழகின.

2012ல் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இருக்காது. அந்த வருஷம் மடிக்கணினி எங்களுக்கு விளக்கும் டிவியும் ஆனது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது அதுவும் கைகொடுக்கவில்லை. வடகாட்டில் பலா, கீரமங்கலத்தில் தென்னை, எல்லாம் வேரோடு சாய்ந்து, மின்கம்பங்கள் வயலில் படுத்துவிட்டன. வாரக்கணக்கில் இருட்டு. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்து வரிசையில் நின்று சார்ஜ் போட்டோம். பெரிய பெரிய டச் போன்களெல்லாம் முதல் நாளே செத்துவிட, கிழவிகளின் பட்டன் போன்கள் மட்டும் உயிரோடு இருந்தன. அந்த நாட்களில் கிழவிகளுக்கு இருந்த மரியாதை தனி.

இப்போது என் அக்கா மகனுக்கு கேமிங் கையடக்கக் கணினி வேண்டுமாம். காலேஜ் படிப்புக்கு.

2022ல் வால்வ் கம்பெனி ஸ்டீம் டெக்கை விற்பனைக்கு விட்டது. எடை 669 கிராம். இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, வெளிநாட்டுச் சித்தப்பா வேண்டும். அடுத்த வருஷம் ஜூலையில் அசூஸின் ஆர்ஓஜி அலை நம்மூர்க் கடைக்கே வந்தது, 69,990 ரூபாய். முதலாவதில் லினக்ஸ், இரண்டாவதில் விண்டோஸ் 11. இரண்டிலும் 40 வாட்-அவர் பேட்டரிதான். பெரிய ஆட்டம் முழுவேகத்தில் ஓடினால் சில்லு, திரை, விசிறி எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து வாட்டுக்கு மேல் குடிக்கும். கணக்கைப் போட்டால் ஒன்றே முக்கால் மணி நேரம்கூடத் தேறாது. ஆலங்குடியில் பஸ் ஏறி, புதுக்கோட்டை போய், திரும்புகிற பஸ்ஸுக்கு நிற்கும்போது அணைந்துவிடும்.

மருமகன் விடாமல் வாதாடினான். "மாமா, ஸ்டீம் டெக்ல பவர் பட்டனை ஒரு தட்டு தட்டுனா ஆட்டம் அப்படியே தூங்கிரும். மறுபடி தட்டுனா விட்ட எடத்துலேருந்து ஆடலாம்." அப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் ஒரு தட்டு! இவ்வளவு அனுபவப்பட்ட வசதியைச் செய்தவனும் அப்பனுக்குப் பயந்த பிள்ளையாகத்தான் இருந்திருப்பான். விண்டோஸ் பெட்டிகளைத் தூங்கவைப்பது அவ்வளவு லேசில்லை. ஆனால் வாலரண்ட் மாதிரி சில ஆன்லைன் ஆட்டங்கள் ஸ்டீம் டெக்கில் ஓடாது.

மச்சானுக்கு இதெல்லாம் வேண்டாம். அவர் கேட்டது மூன்று. "மாப்ள, இதுல பட்டா சிட்டா எடுக்கலாமா? பூ மார்க்கெட் கணக்குப் போடலாமா? பிரிண்டு வருமா?"

விண்டோஸ் பெட்டியில் எல்லாம் வரும் மச்சான், என்றேன். ஆனால் ஏழு அங்குலத் திரையில் எக்ஸெல் திறந்தால் கட்டம் எறும்பு சைஸில் தெரியும். கீபோர்டு தனி, டாக் தனி, மானிட்டர் தனி. வீட்டில் வேறு கணினி இல்லையென்றால் அதே காசுக்கு கிராஃபிக்ஸ் கார்டோடு லேப்டாப்பே வாங்கிவிடலாம். பெட்ரோல் மாதிரி சார்ஜைக் கணக்குப் பார்க்கத் தயாராக இருப்பவனுக்கு, ஏற்கெனவே ஒரு லேப்டாப் வைத்திருப்பவனுக்குத்தான் இது. போதாக்குறைக்கு, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ விரும்பியதைத் தருவதாக 2025 மார்ச் பட்ஜெட்டிலேயே அறிவித்திருக்கிறார்கள், அது கைக்கு வரட்டும் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

மருமகன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அக்கா நடுவே வந்து, "படிக்கத்தானே கேக்குறான்" என்றாள். வழக்கு முடிந்தது. மார்க்கெட் கணக்கை மனசில் வைத்து மச்சான் விண்டோஸ் பெட்டிக்கே கையெழுத்துப் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்து அங்கே போனேன். பையன் காலேஜுக்குப் போயிருந்தான். மச்சான் திண்ணையில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். செவப்பு ராணியைக் கறுப்பு ராஜா மேல் வைக்கப் பார்க்கிறார், விரல் பருமனாக இருப்பதால் அது பக்கத்துச் சீட்டில் போய் ஒட்டுகிறது.

"என்ன மச்சான் இது?"

"ஒண்ணுமில்ல மாப்ள. சும்மா மவுஸ் பழகுறேன்."

அந்தப் பெட்டியில் மவுஸே கிடையாது.