அசல் தூசி

கேள்வி: 'தி லாஸ்' குழுவின் ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்களே, அதைப் பாடியவருக்கே அது பிடிக்காதாமே?

பதில்: பிடிக்காதுதான்! லிவர்பூல்காரரான லீ மேவர்ஸ், 1990-இல் ஆல்பம் வெளிவந்த கையோடு பேட்டிகளில் அதைத் திட்டித் தீர்த்தார். ஸ்டூடியோவை மாற்றி, தயாரிப்பாளரை மாற்றி, வாத்தியக்காரர்களை மாற்றி வருடக்கணக்கில் பதிவு செய்தும், அவர் மனதில் ஓடிய சத்தம் டேப்பில் விழவில்லை. கடைசியில், ஸ்டீவ் லில்லிவைட் தயாரித்த பதிவுகளைக் கோத்துக் கம்பெனியே வெளியிட்டுவிட்டது. ஒரு பழைய மிக்ஸிங் மேசையில் அறுபதுகளின் அசல் தூசி இல்லை என்று அவர் ஒதுக்கியதாகவும் ஒரு கதை உலவுகிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியில் உப்பில்லை என்று எழுந்து வந்தவர்கள் உண்டு. இவர் அவர்களுக்கெல்லாம் அண்ணன்!

நமக்கென்ன, கேட்கிற காது நம்முடையது. மொத்தம் 12 பாட்டு. முக்கால் மணி நேரம்கூட ஆகாது. 'தேர் ஷி கோஸ்' பாட்டில் சரணமே கிடையாது. பல்லவி, நடுவே ஒரு சின்னத் திருப்பம், மறுபடி பல்லவி, அவ்வளவுதான். தொடக்கத்தில் தனியாக மினுங்கும் அந்த கிதார் வரி திரும்பத் திரும்ப வந்தாலும் துளியும் அலுக்காது. கடைசிப் பாட்டான 'லுக்கிங் கிளாஸ்' நிதானமாகப் புறப்பட்டு, ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் வேகம் பிடித்து மூச்சு வாங்க வைக்கும்.

இரண்டாவது ஆல்பம்? இன்றுவரை வரவில்லை. முதல் ஆல்பமே இன்னும் முடியவில்லை என்பது மேவர்ஸ் கட்சி!