கொத்மலைக்கு மேலே பறக்க எந்தக் கணினி?

கேள்வி: ஃப்ளைட் சிமுலேட்டருக்குக் கணினி வாங்கும் கொத்மலை இளைஞர் எதில் காசைக் கொட்ட வேண்டும்?

பதில்: முதலில் ப்ராசஸரில். ரைசன் 7 7800எக்ஸ்3டி-யின் 96 எம்பி எல்3 கேஷ் இந்த விளையாட்டுக்கென்றே செய்ததுபோல உழைக்கும். கிராஃபிக்ஸ் கார்ட் அடுத்ததுதான்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-க்குப் பரிந்துரை 32 ஜிபி ரேம், 50 எம்பிபிஎஸ் இணையம். மலையும் தேயிலைச் சரிவும் இணையம் வழியேதான் வந்திறங்குகின்றன. சிக்னல் தேய்ந்தால் 2,524 மீட்டர் பீதுருதாலகால மலையும் மங்கிய மேடாகிவிடும். ஆகவே வீட்டு இணைய வேகத்தைப் பார்த்துவிட்டே கடைக்குப் போகட்டும்.

சிமுலேட்டரில் பறக்கும்போது நோட்டன் பிரிட்ஜ் பக்கம் கவனம் வேண்டும். 1974 டிசம்பர் 4 இரவு, கொழும்புக்கு இறங்கிவந்த மார்ட்டின்ஏர் டிசி-8 விமானம் அங்குள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள். தம்பி, அந்தப் பக்கம் போனால் உயரமானியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.