புறம்போக்குக் கால்

எங்கள் வீட்டு மாடிக்குப் பதினொரு படி. இருபது வருஷமாக ஏறி இறங்குகிறேன். ஆவணிக் கடைசியில் ஒருநாள், காய்ந்த துணிகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு இறங்கியவன், பத்தாவது படியிலேயே வீடு வந்துவிட்டதாக நினைத்துக் காலை வைத்தேன். இடது பாதம் உள்பக்கமாக மடிந்தது. அம்மா ஓடி வந்து முதலில் துணிகளை எடுத்து உதறினார்.

டாக்டர் கணுக்கால் எலும்பை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். நாலு எட்டு நடக்கச் சொன்னார். நொண்டிக் காட்டினேன். “எலும்புக்கு ஒண்ணுமில்ல, ஜவ்வுதான். எக்ஸ்ரே வேண்டாம்” என்றார். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல் வகுத்த சோதனையாம் இது. வீண் எக்ஸ்ரே செலவு மிச்சம். ஆனால் அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பார்க்க வருகிறவர்களுக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்ட ஒரு படம்கூட இல்லாதது ஒரு வியாதியா?

அம்மா பயந்ததுதான் நடந்தது. எலும்பு முறிந்தால் அது டாக்டரின் சொத்து. ஊர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து மரியாதையாகத் தள்ளி நிற்கும். சுளுக்கு புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் பட்டா கேட்கலாம்.

முதல் பட்டா அம்மாவுக்கு. புளியும் கல்லுப்பும் கரைத்து, குழம்புப் பதத்துக்குக் கொதிக்கவைத்து, சூடு பொறுக்கிற அளவில் பற்றுப் போட்டார். காயக் காய அது தோலை இழுத்துப் பிடித்தது. மறுநாள் உரித்தபோது கால் முடியும் கூடவே வந்தது. ராத்திரி வாசனைக்கு வந்த பூனை, பாதத்தைச் சுற்றி முகர்ந்துவிட்டு, மீன் போடாத குழம்பு என்று தெரிந்ததும் போய்விட்டது.

டாக்டர் சொன்னதோ ஐஸ். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற இந்த வைத்தியத்துக்கு 1978-ல் சுருக்கப்பெயர் சூட்டியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பல வருஷம் கழித்து அவரே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று மாற்றிச் சொன்னார். இதைச் செல்போனில் பார்த்து வாய்விட்டுப் படித்தது என் தப்பு. “பாத்தியா, வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டான்” என்று அம்மா என் காலடியிலிருந்த உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார். பட்டாணி மசால் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து வந்தவர் பக்கத்துத் தெரு அக்கா. இரட்டைப் பிள்ளை பெற்றவர். அப்படிப்பட்டவர் கை பட்டால் சுளுக்கு ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நல்லெண்ணெயைத் தடவி வழித்தார் பாருங்கள், நான் போட்ட சத்தத்தில் தெரு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. “கத்தாதீங்க தம்பி, இறங்குது” என்றார். மூன்று நாளாக இறங்கிக்கொண்டிருந்த வீக்கம், அன்று சாயங்காலம் பழைய உயரத்துக்கே ஏறியது.

கடைசியில் பிசியோதெரபிக்குப் போனேன். சிறு பெண், சிரித்துக்கொண்டே வதைத்தார். ஜவ்வில் இருக்கிற நரம்பு முனைகள்தான் பாதம் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சேதி அனுப்புமாம். அடிபட்டால் சேதி தடுமாறும். அதனால் ஒருமுறை பிசகிய கால் மறுபடி பிசகும். மருந்து, ஒற்றைக் காலில் நிற்பது. “இடது கால்ல முப்பது செகண்ட் நில்லுங்க சார்.”

மற்ற ஊர்களில் நடராஜர் வலது காலை ஊன்றி ஆடுவார். எங்கள் மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் இடது காலை ஊன்றியிருப்பார். ஆடக் கற்ற ராஜசேகர பாண்டியன் தன் கால் வலித்தபோது சாமியின் காலை நினைத்து உருகி, மாற்றி ஆட வேண்டிக்கொண்டான், அவரும் இரங்கினார். நானும் அதையே கேட்டுப் பார்த்தேன். “இன்னும் பதினெட்டு செகண்ட் இருக்கு சார்.”

வீட்டுப் பாடம் வேறு: கட்டை விரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் ஏபிசிடி எழுத வேண்டும். எல் எழுதுவதில் என்ன சுழற்சி கிடைக்கும்? நமக்கு 247 எழுத்து இருக்கிறதே என்று தமிழில் இறங்கினேன். ‘இ’ ஒன்று போதும், கணுக்கால் முழுச் சுற்று வந்துவிடும். மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி வைப்பது தனிப் பயிற்சி. ‘ஞ’வில் திணறிக்கொண்டிருந்தபோது அம்மா காபியோடு வந்தார்.

“என்னடா பண்றே?”

“தமிழ் எழுதுறேன்மா.”

“காலாலயா!”

புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு. “இங்கிலீஷ்லயே எழுதித் தொலை” என்றார். “அதுக்கு மட்டும் சரஸ்வதி இல்லையா?” என்றேன். “அது அவங்க பாடு.”

சரஸ்வதி பூஜையன்று என் புத்தகங்களோடு அரிவாள்மணையும், காலில் மாட்டி இழுக்கிற ரப்பர் பட்டையும் சந்தனம் குங்குமத்தோடு பூஜையில் இருந்தன. சாயங்காலம் அந்தப் பெண் போன் செய்து, பயிற்சி செய்தேனா என்று கேட்டார்.

“இன்னைக்கு எங்க வீட்ல எழுதக்கூடாதும்மா. ரப்பரையும் எடுக்கக்கூடாது.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி சார். நாளைக்கு விஜயதசமி, நல்ல நாள். வலது காலுக்கும் சேர்த்து ஆரம்பிச்சிருங்க.”